கான்சாபுரம் பாதையும் நாலு டயரும்

‘மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிறேன். தேங்காய், மாங்காய் ஏற்ற பிக்அப் வண்டி இருக்கிறது. எந்த டயர் போட்டாலும் ஒன்றரை வருடம்கூடத் தாங்குவதில்லை. ஆல் டெரெய்ன் டயர் போட்டால் நீடித்து உழைக்குமா?’

வாசகர் ஒருவரின் இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு எங்கள் கான்சாபுரம் பாதைதான் ஞாபகத்துக்கு வந்தது. இதே கேள்விக்குப் பதில் தெரியாமல் நானும் ஒரு காலத்தில் பணத்தை இழந்தேன். பணத்தோடு போகவில்லை, ஒருவரின் எலும்பும் முறிந்தது. அதனால், ‘இந்த டயர் வாங்குங்கள்’ என்று ஒரு வரியில் முடிக்காமல், அந்தப் பாதையில் ஒருமுறை உங்களை அழைத்துப் போகிறேன்.

முப்பத்தைந்து கிலோமீட்டரில் மூன்று மண்

ராஜபாளையத்திலிருந்து வடக்கே வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து மதுரை ரோட்டில் கிருஷ்ணன்கோவில். அதிலிருந்து மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. அதையும் தாண்டி மலையைப் பார்த்துப் போனால் கூமாபட்டி, கான்சாபுரம். மருதநாயகம் என்று நாம் சொல்லும் கான்சாகிபுவின் பெயரால் வந்த ஊர் என்பார்கள். 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர் அவர்.

மேற்கே பார்த்தால் மலை வளைந்து நிற்கும். அதன் மடியில் பிளவக்கல் திட்டத்தின் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். இந்தப் பெரியாறு தேனிக்காரர்களின் முல்லைப் பெரியாறு அல்ல, எங்கள் ஊர்ப் பெரியாறு. அணைத் தண்ணீரும் கண்மாய்த் தண்ணீரும் சேர்ந்து நெல்லையும் தென்னையையும் காப்பாற்றுகின்றன. மலையை ஒட்டி மாந்தோப்புகள். அதற்கு மேலே காடு. 2021-லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அத்திகோவில் பக்கத்துத் தோப்புகளில் ராத்திரி யானை இறங்கி, தென்னங்குருத்தைத் தின்றுவிட்டுப் போவது எங்களுக்குப் புதிது இல்லை.

எங்கள் தோப்பிலிருந்து ராஜபாளையம் போக சுமார் 35 கிலோமீட்டர். அதில் 31-க்கு மேல் தார் ரோடு. மீதி மூன்றரை கிலோமீட்டர்தான் மண் பாதை. ஆனால், அதற்குள்ளேயே மூன்று விதம் இருக்கிறது. முதலில் கண்மாய்க் கரை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் களி வழுக்கும், டயரோடு ஒட்டிக்கொண்டு வரும். அடுத்து சீமைக்கருவேலம் மண்டிய வண்டிப்பாதை, இரண்டு பக்கமும் முள். கடைசியில் ஓடை. வெயில் காலத்தில் தண்ணீர் இருக்காது. தலை பெருத்த உருண்டைக் கல்லும், உடைந்து விளிம்பு கூராக நிற்கும் கல்லும் கிடக்கும்.

என் தாத்தா காலத்தில் இந்தப் பாதையில் இரும்புப் பட்டா போட்ட மாட்டுவண்டி போனது. பட்டா கல்லில் ஏறினால் தீப்பொறி பறக்குமே தவிர, சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால், மாட்டின் கழுத்துக்குத்தான் வேதனை. பிறகு டயர் வண்டி வந்தது. மாட்டுக்குப் பாரம் குறைந்தது. கல்லின் அடியை மட்டும் அன்றிலிருந்து ரப்பர் வாங்குகிறது.

ஓடையில் பட்ட அடி

ஆறு வருடங்களுக்கு முன்பு நான் வண்டிக்கு நாலு டயர் மாற்றினேன். கடைக்காரர் இரண்டு விலை சொன்னார். சைஸ் இரண்டுக்கும் ஒன்றுதான், 215/75 ஆர் 15. ஒன்றின் விலை டயருக்கு ஆயிரத்துச் சொச்சம் குறைவு. அதன் கட்டைகள் பெரிது பெரிதாக, பார்க்கவே முரட்டுத்தனமாக இருந்தன. ‘மலைப் பாதைக்கு இதுதான் சரி’ என்று நானே முடிவு செய்து வாங்கினேன். டயரில் எழுதியிருந்த எண்களை நான் படிக்கவில்லை. கடைக்காரரும் என்ன பாரம் ஏற்றுவேன் என்று கேட்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு தேங்காய் வெட்டு. உரிக்காத காய் ஆயிரம் ஏற்றினோம். மட்டையோடு ஆயிரம் காய் என்றால் ஒன்றேகால் டன்னுக்குக் குறையாது. ஓடையைக் கடக்கும்போது பின்சக்கரம் ஒரு கல்லில் உரசி இறங்கியது. இறங்கிப் பார்த்தேன். காற்று போகவில்லை. ‘சரி, போகலாம்’ என்றேன். பஸ் போய்விட்டது என்று வேலைக்கு வந்த ஆறு பேர் காய் மேலேயே ஏறிக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் கிராமத்தில் தினமும் நடக்கிறது.

வத்திராயிருப்பு தாண்டி நல்ல தார் ரோடு. வண்டி வேகம் பிடித்து சில கிலோமீட்டர் போயிருக்கும். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். பின் டயர் பக்கவாட்டில் கிழிந்து, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்துக்குப் பக்கத்தில் நின்றது. கவிழவில்லை. ஆனால், காய் பொறுக்கும் அக்கா ஒருவர் கீழே விழுந்து, தோள் காறை எலும்பு முறிந்தது. நாலு மாதம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. மருத்துவச் செலவையும் கூலியையும் நான் கொடுத்தேன். நாலு டயரில் நான் மிச்சம் பிடித்தது ஐயாயிரம்கூட இருக்காது. கொடுத்தது அதைப்போலப் பல மடங்கு.

அந்த அக்கா கோபப்படவில்லை. பார்க்கப் போனபோது சிரித்துக்கொண்டே, “டயருல மிச்சம் பிடிச்சு என் தோள்ல செலவழிச்சிட்டீகளே தம்பி” என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

பஞ்சர் கடையில் கற்ற பாடம்

கிழிந்த டயரை எடுத்துக்கொண்டு ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர். டயரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது கார் டயரு. காய் ஏத்துற டயரு இல்ல” என்றார். எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொன்னார். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவிகிதம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். இது வரைக்கும் எல்லோரும் பார்ப்போம். அதற்குப் பிறகு சின்னதாக ஓர் எண் இருக்கும். அதுதான் ஒரு டயர் தாங்கும் பாரத்தின் குறியீடு. 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900 கிலோ. 106 என்றால் 950 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ. என் டயரில் இருந்தது 100.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலி வண்டி 1,600 கிலோ, காய் 1,300 கிலோ என்று வைத்தால் மொத்தம் 2,900 கிலோ. லோடு ஏற்றியதும் பாதிக்கு மேல் பின்பக்கம்தான் உட்காரும். பின் அச்சில் 1,800 கிலோ என்றால், ஒரு டயருக்கு 900. அன்றைக்கு அதன் மேல் ஆறு ஆட்கள் வேறு. 800 கிலோ தாங்கும் டயர் தோப்பை விட்டுக் கிளம்பியபோதே தோற்றுவிட்டது. ஓடைக் கல் உள்நூலை அறுத்தது. தார் ரோட்டு வேகமும் சூடும் மீதியை முடித்தன. டயர் வெடிப்பது தார் ரோட்டில். ஆனால், காயம் படுவது மண் பாதையில். இதைப் புரிந்துகொண்டால் டயர் வாங்குவதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதனால் பிக்அப்புக்கு ‘எல்டி’ என்று போட்ட, அதாவது இலகுரக லாரி வகை டயர்தான் வேண்டும். 8 பிஆர் போன்ற ‘பிளை ரேட்டிங்’ எண்ணும் இருக்கும். அது உள்ளே எட்டு அடுக்கு இருப்பதாகச் சொல்வதில்லை. அந்த அளவு வலு என்று அர்த்தம். ‘எம் ப்ளஸ் எஸ்’ என்ற எழுத்தைப் பார்த்து மலை டயர் என்று நம்பிவிடாதீர்கள். சேறு, பனிக்கு ஏற்ற மாதிரி கட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். பாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கட்டையின் கதை

டயரின் முகத்தை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கோடு கோடாக இருப்பது தார் ரோட்டு டயர். சத்தம் வராது, சீராகத் தேயும். ஈரக் களியில் மட்டும் சுற்றி நிற்கும். பெரிய கட்டையும் அகலமான பள்ளமும் உள்ளது சேற்று டயர். களியைத் தானே உதறிவிடும். ஆனால், தார் ரோட்டில் இரையும், டீசல் குடிக்கும், கட்டைகள் மேடு பள்ளமாகத் தேயும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆல் டெரெய்ன். கட்டைகள் ஒன்றை ஒன்று கோத்தது போல நெருக்கமாக இருக்கும். தோள் பகுதி மட்டும் திறந்திருக்கும்.

எங்கள் பாதையில் பத்தில் ஒன்பது பங்கு தார் ரோடு. சேற்று டயர் போட்டால் ஒரு பங்குக்காக ஒன்பது பங்கில் ரப்பரைத் தேய்க்கிறோம். தார் ரோட்டு டயர் போட்டால் ஓடைக் கல்லில் பக்கச்சுவரைப் பலி கொடுக்கிறோம். அதனால், பாரக் குறியீடு சரியாக உள்ள, பக்கச்சுவர் தடித்த, எல்டி வகை ஆல் டெரெய்ன்தான் எங்களுக்குப் பொருத்தம். தினமும் களியிலேயே கிடக்கும் வண்டிக்கு இந்தப் பதில் மாறும். தோப்பு ரோட்டோரமாகவே இருப்பவருக்கு ஆல் டெரெய்ன் தேவையே இல்லை. ஒரு வாரம் உங்கள் வண்டி எத்தனை கிலோமீட்டர் எந்த மண்ணில் ஓடுகிறது என்று எழுதிப் பாருங்கள். அந்தச் சீட்டோடு கடைக்குப் போங்கள்.

விலையையும் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 7,000 ரூபாய் டயர் 35,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 20 காசு. 9,000 ரூபாய் டயர் 60,000 ஓடினால் 15 காசு. விலை கூடியது செலவு குறைந்தது.

வாங்கும்போது தேதியையும் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் வருடத்தின் 23-வது வாரம் தயாரானது. கடையிலேயே பல வருடம் தூங்கிய டயரைப் புது விலைக்கு வாங்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ முத்திரையும் இருக்கட்டும். வண்டிக் கம்பெனி சொன்ன சைஸை விட்டு மாறாதீர்கள்.

டயரை நீடிக்க வைப்பது

நல்ல டயர் வாங்கியதும் வேலை முடிவதில்லை. இப்போது நான் தோப்புக்குக் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பார்க்கிறேன். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் முன்னுக்கு எவ்வளவு, லோடு ஏற்றினால் பின்னுக்கு எவ்வளவு என்று இருக்கிறது. காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். இரண்டு ஓரமும் தேயும். காற்று கூடினால் நடுவில் தேயும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

ஓடையில் முதல் கியரில், சக்கரம் வெறுமனே சுற்றாமல் போகிறேன். கூர்க்கல் இருந்தால் அதன் ஓரமாக உரசிக்கொண்டு போவதைவிட, டயரின் முகத்தை அதன் மேல் மெதுவாக ஏற்றி இறக்குவது நல்லது. முகத்தில் ரப்பர் தடிமன், பக்கச்சுவரில் மெலிசு. தாண்டியதும் இறங்கி நாலு பக்கமும் பார்க்கிறேன். வெட்டு ஆழமாக இருந்தாலோ, எங்காவது கொப்புளம் போல வீங்கியிருந்தாலோ, அந்த டயரில் லோடு போவதில்லை. அங்கேயே ஸ்டெப்னி மாற்றுகிறேன். பக்கச்சுவரில் பஞ்சர் ஒட்டி ஓட்டக் கூடாது.

கருவேல முள் இன்னொரு வகை எதிரி. டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் காற்று உடனே போகாது. இரண்டு நாளில் மெதுவாக இறங்கும். ‘காற்று அடித்தால் போதும்’ என்று ஓட்டிக்கொண்டே இருப்போம். அதுவே உள்ளே சூடேற்றும். வாரம் ஒருமுறை கட்டைகளுக்கு நடுவே சிக்கிய கல்லையும் முள்ளையும் பார்த்து எடுங்கள். முள்ளை எடுத்ததும் சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி காட்டிக்கொடுக்கும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றுங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு, அதாவது 1.6 மில்லிமீட்டர் குறி, முகத்தோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஈரக் களியில் போகிறவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

பொழுது சாய்வதற்குள் காட்டோரத்தை விட்டு வந்துவிடுவதும் இதில் சேரும். யானை நடமாடும் ஓடையில் இருட்டில் ஜாக்கி போட்டுக்கொண்டு உட்கார யாருக்கும் ஆசை இருக்காது.

அதற்குப் பிறகு போட்ட எல்டி ஆல் டெரெய்ன் டயர்கள் நாலு வருடத்துக்கு மேல் ஓடின. ஓடைக் கல் அப்படியேதான் கிடக்கிறது. மாறியது பாரக் கணக்கும் பழக்கமும்தான். வெட்டு நாளில் ஆயிரம் காயை இப்போது இரண்டு நடையாக ஏற்றுகிறேன். டீசல் கொஞ்சம் கூடுகிறது. வேலையாட்களுக்கு வரப்போக ஆட்டோ சொல்லிவிடுகிறேன். அந்த அக்கா இப்போதும் காய் பொறுக்க வருகிறார். தோள் குளிர்காலத்தில் வலிக்கிறதாம். ஆட்டோவில் ஏறும் முன்னால் என் வண்டியின் பின்சக்கரத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

கேள்வி கேட்ட வாசகருக்கு என் பதில் இதுதான்: ஆல் டெரெய்ன் போடலாம். ஆனால், முதலில் பக்கச்சுவரில் இருக்கும் அந்தச் சின்ன எண்ணைப் படியுங்கள். இன்றைக்கே உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது ஓடும் டயரில் அது எவ்வளவு என்று பாருங்கள்.