கணினிக்கு ஒரு பீலி

மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் தண்ணீரையும் ஓடவிடப் போகிறோம் என்றால், கேட்பவர் எம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்க்கவே செய்வர். ஈரக் கையோடு சுவிச்சைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கும் வீட்டிலே இப்படியொரு யோசனை எழுந்தால், அது விபரீதம் என்றுதான் தோன்றும். ஆயினும், கடந்த இரண்டு மாதங்களாக இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எம் தமக்கையார் வீட்டிலே, இதைத் தவிர வேறு பேச்சில்லை.

தமக்கையாரின் மகன், அதாவது எம் மருமகன், இரத்தினபுரி நகைக்காரர் சிலருக்கு மோதிரம், பதக்கம் முதலியவற்றின் வடிவங்களைக் கணினியிலே முப்பரிமாணப் படங்களாக ஆக்கிக் கொடுக்கும் தொழில் செய்கிறான். தங்கத்தை உருக்குமுன்னரே, நீலக்கல் பதித்த மோதிரம் எப்படி ஒளிரும் என்பதை வாங்குவோர் படத்தில் கண்டுவிடலாம். கல்லுக்குள்ளே ஒளிக்கதிர் புகுந்து, முறிந்து, திரும்பி வரும் வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டே அந்தப் படம் உருவாகிறது. ஒரு படத்துக்கு இரவு முழுவதும் கூடப் பிடிக்கும். அந்த வேளையில் கிராபிக்ஸ் அட்டை ஒன்று மட்டுமே 300 வாற்று மின்சாரத்தை உண்கிறது. உண்டது அத்தனையும் உஷ்ணமாகவே வெளியே வரும்.

10 அடிக்கு 12 அடி என்பது லயத்து அறையின் பழைய கணக்கு. அந்த அறையிலேதான் கணினி இருக்கிறது. அதே அறையிலேதான் எம் தாயாரின் கட்டிலும் இருக்கிறது. தாயாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தகரக் கூரை இரவு ஒன்பது மணிவரை கீழே இறக்கிக்கொண்டிருக்க, கணினியும் விடியும்வரை அனல் மூச்சு விட்டால், அவர் எப்படி உறங்குவார்? மருமகன் வேலையை நிறுத்தினால் பாட்டி உறங்கலாம். ஆனால் அடுத்த நாள் நகைக்காரருக்குச் சொல்ல மறுமொழி இராது. அந்த வீட்டின் வருமானத்திற் பெரும்பகுதி இப்பொழுது அந்தப் பெட்டியிலிருந்தே வருகிறது.

பெரிய விசிறிகள் பூட்டினால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். விசிறி உஷ்ணத்தை அழிப்பதில்லை. பெட்டிக்குள் இருந்ததை அறைக்குள் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. கடைகளிற் கிடைக்கும் மூடி முத்திரையிட்ட ஆயத்தத் தண்ணீர்க் குளிர்த்திகளும் இதையேதான் செய்கின்றன. அவற்றின் ரேடியேற்றர் பெட்டியோடு ஒட்டியே இருப்பதால் சூடு அறையைவிட்டு நீங்குவதில்லை. உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி நாமே பொருத்தினாலோ, குழாயை வேண்டிய நீளத்துக்கு இழுத்து, ரேடியேற்றரை வீட்டுக்கு வெளியே, பின்தாழ்வாரத்தில் மாட்டிவிடலாம். மலையிலிருந்து பீலி தண்ணீரைக் கொண்டுவருவது போல, இந்தப் பீலி சூட்டை வெளியே கொண்டுபோகும். இந்த ஒரு காரணம் இல்லாவிடின், இத்தனை செலவுக்கும் தொல்லைக்கும் நாம் சம்மதித்திருக்க மாட்டோம்.

முறை ஒன்றும் புதிதன்று. தேயிலை ஸ்டோர்களில் முன்னர் ஓடிய எண்ணெய் இயந்திரங்களின் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி நின்றதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கின்றனர். ஐ.பி.எம். நிறுவனம் 1980 இல் அறிமுகப்படுத்திய 3081 என்னும் பெருங்கணினி தண்ணீரால் குளிர்விக்கப்பட்டது. 1985 இல் வந்த கிரே-2 இன் மின்சுற்றுகளோ மின்சாரம் கடத்தாத திரவமொன்றில் முழுகியே வேலை செய்தன. 2022 இல் அமெரிக்காவின் ஓக் ரிஜ் ஆய்வுகூடத்தில் இயங்கத் தொடங்கிய பிரன்ரியர் மீக்கணினிக்கு நிமிடமொன்றுக்கு 22,000 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர் ஓடுகிறது. வீட்டில் செய்து பார்க்கும் ஆர்வலர்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் மோட்டார்க் காரின் உட்புறத்தைச் சூடாக்கும் சிறு ரேடியேற்றரையும் மீன்தொட்டிப் பம்பையும் கொண்டே இதைச் சாதித்தனர்.

அதை அறிந்ததும் மருமகனுக்கு ஒரு சிக்கன யோசனை தோன்றியது. பழைய இரும்புக் கடையிலே கழித்துப் போட்ட கார் ரேடியேற்றர் கிடைக்குமே என்றான். கிடைக்கும், ஆனால் இக்காலத்துக் கார் ரேடியேற்றர்கள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. கணினி அட்டையின் மேல் அமரும் நீர்க்கட்டியோ செம்பு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் அங்கே ஒரு சிறிய மின்கலம் உண்டாகிவிடுகிறது. அலுமினியம் மெல்ல மெல்ல அரிக்கப்பட்டுப் போகும். அரிந்த துகள்கள் நீர்க்கட்டிக்குள் இருக்கும் மயிரிழை போன்ற கால்வாய்களை அடைக்கும். காரிலே இதைத் தடுக்கும் மருந்து கலந்த திரவத்தை ஊற்றி, காலத்துக்குக் காலம் மாற்றுகின்றனர். இங்கு அந்தப் பந்தயம் வேண்டாமென்று தீர்மானித்தோம். நீர்க்கட்டி, ரேடியேற்றர், இணைப்புகள் யாவும் செம்பு, பித்தளை, அல்லது அவற்றின் மேல் நிக்கல் பூசியவையாகவே இருக்க வேண்டும் என்பது எமது முதல் விதியாயிற்று.

ரேடியேற்றரின் அளவைப் பற்றி நெடுநேரம் பேச வேண்டியிருக்கவில்லை. 120 மில்லிமீற்றர் விசிறியொன்றுக்கு ஏறத்தாழ 100 வாற்று எனக் கணக்கிட்டால், தண்ணீர் சுற்றுக்காற்றைவிடப் பத்துப் பாகையளவே கூடுதலாகச் சூடேறும். எமக்கு 300 வாற்று. ஆகவே மூன்று விசிறிகள் தாங்கும் 360 மில்லிமீற்றர் ரேடியேற்றர். எத்தனை பெரிதாக வாங்கினாலும் தண்ணீர் வெளிக்காற்றினும் குளிர்ந்து போகாது. மழைக்காலத்தில் குழாயிற் பனித்துளி படியுமோ என்று அயலார் அஞ்சினர். காற்றைவிடக் குளிர்ந்த பொருளிலன்றோ அது படியும்? சப்ரகமுவையின் ஈரம் எவ்வளவாயினும் இந்தத் தண்ணீர் அதற்கு இடம் கொடாது.

விசிறிகளில்தான் சிறிய சண்டை. நிறம் நிறமாக ஒளிரும் விசிறிகளில் மருமகனுக்கு ஆசை. தமக்கையார் படத்தைப் பார்த்தார்.

"இந்த வெளிச்சம் சூட்டைக் குறைக்குமா?"

"குறைக்காது அம்மா."

"தாழ்வாரத்துக்கு எதுக்குடா அப்ப?"

பேச்சு அத்தோடு முடிந்தது. மிஞ்சிய பணத்துக்கு, பூச்சியும் பல்லியும் புகாதிருக்கக் கம்பிவலை வாங்கினோம்.

பம்பைப் பற்றி அபிப்பிராயம் சொன்னவர், இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழியொன்றில் தண்ணீர் இறைக்கும் எம் நண்பர். அவருக்குப் பம்பு என்றால் இரவு பகலாக இரைந்துகொண்டு, ஆழத்துத் தண்ணீரை மேலே எறியும் யந்திரம். உள்ளங்கையில் அடங்கும் 12 வோல்ற்றுப் பம்பைப் பார்த்துச் சிரித்தார். "இது தண்ணீரைத் தாழ்வாரம் வரைக்கும் தூக்குமா?" என்றார். குழியிலே தூக்கிய தண்ணீர் மேலே கொட்டிவிடுகிறது. அதன் பாரம் முழுவதையும் பம்பே சுமக்க வேண்டும். மூடிய சுற்றிலோ ஒரு பக்கம் ஏறும் தண்ணீரை மறுபக்கம் இறங்கும் தண்ணீர் சமன்செய்துவிடுகிறது. கிணற்றுக் கப்பியிலே இரு பக்கமும் வாளி கட்டியது போல. குழாயெங்கும் தண்ணீர் நிரம்பியபின் பம்புக்கு எஞ்சியது உராய்வை வெல்லும் வேலை மட்டுமே. டி-5 எனப்படும் வகைப் பம்பு ஏறத்தாழ 4 மீற்றர் உயர அழுத்தம் தரும். நீண்ட குழாய்க்கு அது போதும். நண்பர் சற்று யோசித்துவிட்டு, காற்றுக்குமிழி நின்றால் இந்தக் கணக்கெல்லாம் கெடுமே என்றார். முற்றிலும் சரி. ஆகவே தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றின் மிக உயரமான இடத்தில் வைப்பதென முடிவாயிற்று.

இன்னொரு கணக்கும் எமக்கு வியப்பளித்தது. நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓடினால், 300 வாற்றை வாங்கிய தண்ணீர் ஒன்றரைப் பாகைகூடச் சூடேறுவதில்லை. எந்த உறுப்புக்குப்பின் எது வரவேண்டும் என்று தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது இதனால் தெளிந்தது.

குழாயின் கதை வேறு. எட்டியாந்தோட்டையில் இரப்பர்ப் பால் வெட்டும் உறவினர் ஒருவர் எமக்குண்டு. இரப்பர்க் குழாய் வேண்டுமென்று அறிந்ததும் அவருக்கு ஒரே பெருமை. 1876 இல் ஹெனரத்கொடையில் நட்ட கன்றுகளிலிருந்து கேகாலை மலைச்சரிவுகள் வரை பரவிய மரமல்லவா! ஆனால் எமக்கு வேண்டியது அந்த மரத்தின் பாலன்று. ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை இரப்பர், பெற்றோலியப் பொருள்களிலிருந்து ஆலையிற் பிறப்பது. இயற்கை இரப்பர் வெயிலிலும், சூட்டிலும், காற்றிலுள்ள ஓசோனிலும் நாளடைவில் வெடித்துப் போகும், இது தாங்கும். கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் குழாய் பார்வைக்கு அழகுதான், ஆயினும் அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் தண்ணீரிற் கசிந்து, நீர்க்கட்டியில் பசைபோற் படியும். எனவே கறுப்பான, அழகற்ற ஈ.பி.டி.எம். குழாயே தெரிவாயிற்று. உறவினர் முகம் வாடியதைக் கண்டு, ஆகாய விமானங்களின் சக்கரங்களுக்கு இன்றும் இயற்கை இரப்பரே வேண்டியிருக்கிறது என்று சொன்னோம். மெய்யும் அதுதான்.

தண்ணீருக்குப் பீலித் தண்ணீரே போதாதா என்று தாயார் கேட்டார். குடிக்க அதைப்போலத் தண்ணீர் கிடையாது. ஆனால் மலைப்பாறையின் உப்பும் கண்ணுக்குத் தெரியாத பாசியும் அதிலுண்டு. காய்ச்சி வடித்த தண்ணீரும், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்தும் போதும். பால்போன்ற வர்ணத் திரவங்கள் வண்டல் விடும் என்பதால் அவற்றை நாம் திரும்பியும் பார்க்கவில்லை.

கணினியின் மூளையாகிய புரொசசருக்கும் நீர்க்கட்டி வேண்டும் என்று மருமகன் முதலில் நின்றான். அது 65 வாற்று வகை. வேலையின் பாரமெல்லாம் கிராபிக்ஸ் அட்டையின் தலையிலே. ஒரு கட்டியைக் குறைத்தால் பணமும் மிச்சம், ஒழுகக்கூடிய வாய்கள் இரண்டும் மிச்சம் என்றோம், ஏற்றுக்கொண்டான். அட்டைக்குரிய கட்டியை மட்டும் மிகக் கவனமாகத் தேட வேண்டியிருந்தது. ஒரே பெயருள்ள அட்டையை ஒவ்வொரு கம்பனியும் வெவ்வேறு அமைப்பில் செய்கின்றது. ஒன்றுக்கான கட்டி மற்றொன்றில் அமராது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் அரைநாள் ஏறி இறங்கி, ஈற்றில் வெளிநாட்டிலிருந்தே வரவழைத்தோம்.

எல்லாவற்றிலும் எம்மை அதிகம் யோசிக்க வைத்தது ஓர் அங்குல விட்டமுள்ள இரண்டு துளைகள். குழாய் வெளியே போக வேண்டுமானால் சுவரைத் துளைக்க வேண்டும். சுவரோ தோட்டத்தினுடையது. எம் பாட்டனார் காலத்திலிருந்து அந்த அறையில் குடியிருந்தும், ஆணி அடிக்கலாம், துளையிடலாகாது. கேட்டுப் பார்த்தோம். காரியாலயத்தில், எழுத்தில் தாருங்கள், பார்க்கலாம் என்றனர். எழுத்திற் கொடுத்து ஐந்து வாரமாகியும் மறுமொழி வரவில்லை. மருமகன் சுவரை விட்டுவிட்டான். சன்னற் கதவின் ஒரு கண்ணாடியைக் கழற்றி, அளவாகப் பலகை வெட்டிப் பொருத்தி, அதிலே துளையிட்டான். குழாய் அந்தப் பலகையைக் கடக்கும் இடத்தில், கழற்றியவுடன் இரு பக்கமும் தாமாகவே மூடிக்கொள்ளும் இணைப்பான்களை வைத்தோம். இவை விலை கூடியவை; தண்ணீரின் ஓட்டத்தையும் சற்றுக் குறைப்பவை. ஆனாலும், எழும்பு என்று யாராவது சொல்லும் நாளில், ஒரு துளி சிந்தாமல் இரண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு போகலாம். கண்ணாடியைப் பத்திரமாக அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறோம்.

மொத்தச் செலவு 135,000 ரூபா. 2022 இல் ரூபா வீழ்ந்து, 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 வரை ஏறியதன் பின்னர், இத்தகைய சாமான்களின் விலையைப் பழைய கணக்கில் நினைப்பதற்கில்லை. தமக்கையார் 1000 ரூபா நாட்சம்பளத்தில் ஓய்வு பெற்றவர். நூற்று முப்பத்தைந்து நாள் கொழுந்து. சேமலாப நிதியிலிருந்து அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தபோது அவர் மகனைப் பார்த்துப் பேசவில்லை, எம்மைப் பார்த்தே பேசினார்: "தம்பி, இது ஒழுகினா முதல்ல எது கெடும்?" அட்டைதான் கெடும் என்றோம், அதன் விலையையும் மறைக்காமல் சொன்னோம். "அப்ப ஒழுகாம பார்த்துக்கச் சொல்லு" என்றார்.

அதனால்தான் கணினிக்கு இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. பம்பை மட்டும் தனியே ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பின் கீழும் மெல்லிய தாள் விரித்து, இருபத்துநான்கு மணி நேரம் காத்திருப்பது முறை. நேற்று மாலை பார்த்தபோது தாள்களெல்லாம் காய்ந்திருக்க, கிண்ணத்தருகே ஒன்றில் மட்டும் மிளகளவு ஈரப்புள்ளி இருந்தது. மருமகன் அந்த இணைப்பைக் கழற்றினான். உள்ளேயிருந்த இரப்பர் வளையம் முறுகியிருந்தது. புது வளையம் போட்டு, உலர்ந்த தாளை விரித்து, மணியை முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறான்.