ஒலிவாங்கி பிடித்த கை

மரணித்தவரின் குறைகளைப் பேசுவது நமது பண்பாடு அல்ல. அதனால்தான் பாகிஸ்தானின் ஆமிர் லியாகத் ஹுசைனைப் பற்றி எழுத இவ்வளவு காலம் தயங்கினேன். ஆனால், அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.

1971இல் கராச்சியில் பிறந்தவர் அவர். ஜியோ தொலைக்காட்சியின் ‘ஆலிம் ஒன்லைன்’ நிகழ்ச்சிதான் அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. சுன்னி, ஷீஆ அறிஞர்களை ஒரே நிகழ்ச்சியில் அமர்த்திக் கேள்விகள் கேட்டார். 2002இல் பாராளுமன்றம் சென்றார். 2004இல் மதவிவகார இராஜாங்க அமைச்சரானார். 2007இல் பதவி துறந்தார். பின்னர் ரமழான் நேரலைகளே அவரது களமாயின. கிராஅத்தும் துஆவும் ஒருபுறம். பதில் சொன்னவருக்கு மோட்டார் சைக்கிளும் கைத்தொலைபேசியும் மறுபுறம். நோன்பு திறக்கும் நேரத்தில் நாடே அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது.

2013 ரமழானில்தான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. பெற்றவர்களால் கைவிடப்பட்டு, தொண்டு நிறுவனமொன்று எடுத்துப் பராமரித்த சிசுக்களைப் பிள்ளையில்லாத தம்பதியரின் கைகளில் நேரலையிலேயே கொடுத்தார். தம்பதியரை முன்கூட்டியே விசாரித்துத் தெரிவு செய்ததாக அந்நிறுவனம் விளக்கியது. இருக்கலாம். வீசப்பட்ட உயிருக்கு ஒரு மடி கிடைத்ததை யார் குறை சொல்வது? ஆனால், பரிசுப் பொருட்கள் வழங்கிய அதே மேடையில், அதே கைதட்டலுக்கு நடுவில் அல்லவா கொடுத்தார்! வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். அப்பிள்ளை வளர்ந்த பின்னும் அந்த ஒளிப்பதிவு அழியாதே என்று நண்பர்களிடம் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

சில மாதங்களின் பின் எங்கள் பாடசாலைக்குக் கொடையாளி ஒருவர் புத்தகப் பைகள் கொண்டுவந்தார். வாப்பா இல்லாத பிள்ளைகளின் பட்டியல் என் ஒரு கையில், ஒலிவாங்கி மறுகையில். முதல் நாளே ஆறாம் தர மாணவி ஒருத்தி என்னிடம் வந்திருந்தாள்.

“சேர், பேக் வேணும். ஆனா மைக்கில பேரைக் கூப்பிடாதீங்க சேர்.”

“அதுக்கென்ன மகள்” என்றேன்.

மறுநாள் படம் பிடிக்க வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். பட்டியலில் இருந்தபடியே கூப்பிட்டுவிட்டேன். வந்தாள். பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். “முகம் தெரியல்லயே, பையைக் கொஞ்சம் இறக்குங்க மகள்” என்று ஒலிவாங்கியில் சொன்னதும் நான்தான்.

இறக்கினாள்.

அன்றிலிருந்து ஆமிர் லியாகத்தை ஏச என் நாக்கு எழவில்லை. வெறுப்புப் பேச்சுக்காக 2017இல் அவருக்குத் தொலைக்காட்சித் தடை விதிக்கப்பட்டது. 2018இல் மீண்டும் பாராளுமன்ற உறுப்பினரானார். வாழ்வின் கடைசி வாரங்களில் அவரது அந்தரங்க வீடியோக்களே ஊரெல்லாம் பரவின. 2022 ஜூன் 9இல், 50 வயதில் மௌத்தானார். முகத்தை மறைக்க அவருக்கும் ஒரு பை தேவைப்பட்டிருக்கும்.

இப்போது எங்கள் பாடசாலையில் உதவிப் பொருட்களைப் பிள்ளைகளின் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம். ஆனால், அந்த விழாவின் படம் அதிபரின் அறையில் இன்னும் தொங்குகிறது. பையை இறக்கிய பிறகு எடுத்த படம். அதைக் கழற்றிவிடும்படி இதுவரை நான் கேட்டதில்லை. நாளைக் காலையில் கேட்க வேண்டும்.

அல்லாஹ் அவரது பிழைகளைப் பொறுத்தருள்வானாக. என்னுடையதையும்.