வேலி பயிரை மேயும்போது

திருவதிகை வீரட்டானத்து இறைவனை வணங்குவோர் சூலை நோயை நினையாமல் இருப்பதில்லை. தருமசேனராகச் சமண சமயத்தில் இருந்த மருணீக்கியாரை வயிற்றில் அந்நோய் வாட்டியது. தாங்கவொண்ணாத நிலையில், தம் சமையற்காரர் வழியே தமக்கையார் திலகவதியாருக்கு அவர் செய்தி அனுப்பினார். தமக்கையார் அளித்த திருநீற்றை அணிந்து, பதிகம் பாடி, நோய் நீங்கித் திருநாவுக்கரசர் ஆனார் என்கிறது பெரியபுராணம். அந்நோய்க்கு இன்றைய மருத்துவப் பெயர் சூட்டுவது நம் வேலையன்று. ஆயினும், வயிற்று நோவை மறைக்காமல் உரியவரிடம் சொன்னார் என்பது நாம் மனத்திற் கொள்ளத்தக்கது.

கோபாலபுரத்தில் ஒரு பெரியவர் அப்படிச் சொல்லவில்லை. வேணுகோபால சுவாமி கோயிலுக்கு நாள்தோறும் சென்றவர் திடீரென நின்றுவிட்டார். மூட்டு வலி என்று அக்கம்பக்கத்தார் எண்ணினர். உண்மையில் அவருக்கு நாளொன்றுக்கு எட்டுப் பத்து முறை வயிற்றுப்போக்கு. அதில் இரத்தமும் கலந்திருந்தது. சந்நிதியில் நிற்கையில் அடக்க இயலாமற் போனால் என்ன செய்வது என்ற அச்சம் அவரை வீட்டிலேயே கட்டிப்போட்டது. மூலம் என்று தாமே முடிவு செய்து, மனைவியிடமும் சொல்லாமல் நான்கு மாதங்களைக் கழித்தார். உடல் மெலிந்து, படியேற மூச்சு வாங்கியபோதுதான் மகள் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். கொலனோஸ்கோபி செய்து, திசுவையும் சோதித்த மருத்துவர், அது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி என்றார். எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா என்று பெரியவர் கேட்டார். குறையவில்லை, அளவு மீறி வேலை செய்கிறது என்று விடை வந்தது.

குடலின் உள்விளிம்பு ஒற்றை உயிரணு வரிசையாலான மெல்லிய படலம். அதன் ஒருபுறம் கோடானுகோடி நுண்ணுயிர்கள். மறுபுறம் உடலின் காவற்படையாகிய எதிர்ப்பு அணுக்கள். உண்ணும் உணவையும் உடனுறையும் நுண்ணுயிர்களையும் பகையென எண்ணாமல் பொறுத்துக்கொள்வது அக்காவலரின் இயல்பு. பரம்பரை, சூழல் முதலிய காரணங்கள் கூடி அப்பொறுமை குலையும்போது, காவலர் ஓயாமல் போரிடுகின்றனர். டி.என்.எஃப். போன்ற வேதிப்பொருள்களைச் சுரந்து மேலும் படையை அழைக்கின்றனர். புண்படுவதோ குடற்சுவர். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். 1932-இல் மருத்துவர் குரோனும் அவர்தம் கூட்டாளிகளும் விவரித்த குரோன் நோயும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

ஆகவே, எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என விற்கப்படும் கஷாயமும் பொடியும் இங்கே பரிகாரம் ஆகா. மெசலமைன், ஸ்டீராய்டு, அசத்தியோபிரின், இன்ஃப்ளிக்ஸிமாப் ஆகியவை ஒவ்வொன்றும் தத்தம் வழியில் அழற்சியைத் தணிப்பவை. டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப், குரோன் நோய்க்காக அமெரிக்காவில் 1998-இல் ஒப்புதல் பெற்றது. காவல் தணிந்தால் உடலில் உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம். குடற் காசநோயும் குரோன் நோயைப் போலவே தோன்றும். அதனால்தான் நம் நாட்டு மருத்துவர்கள் முன்கூட்டியே காசநோய்ச் சோதனை செய்கின்றனர்.

ஜப்பான் பிரதமராயிருந்த ஷின்சோ அபே இதே பெருங்குடல் அழற்சியால் அவதியுற்றவர். 2007-இல் பதவி விலகியவர், புதிய மருந்தால் நலம் பெற்று 2012-இல் மீண்டும் பிரதமரானார். நோய் திரும்பவே 2020-இல் மறுபடி விலகினார். பல்லாண்டுகள் அடங்கியிருக்கும் நோய் மீண்டும் தலைதூக்கலாம் என்பதற்கு இது சான்று. நலமாயிற்று என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் வலி நிவாரணிகள் சிலருக்கு இந்நோயைக் கிளப்பிவிடும். ஏகாதசி உபவாசம் இருக்க விரும்புவோரும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அறுபதைக் கடந்த பின்னும் இந்நோய் புதிதாக வரக்கூடும். மலத்தில் இரத்தம் கண்டால் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட வேண்டும். திருநீறும் துளசித் தீர்த்தமும் மனத்திற்கு உறுதி தருபவை. வேளை தவறாத மருந்துக்கு அவை தடையல்ல. வீட்டுப் பெரியவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தினால், கால் வலியா என்று கேட்பதோடு, வயிறு எப்படி இருக்கிறது என்றும் பிள்ளைகள் கேட்கட்டும்.