இருபது பேர் வெட்டும் மலை

கஹவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி, றப்பர் மலையின் குறுக்குப் பாதையில் ஏறினேன். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் பால் வாசம் மாறவில்லை. சிரட்டைகள்தான் பிளாஸ்டிக் கிண்ணங்களாகிவிட்டன. எங்கள் லயம் நின்ற இடத்தில் வாழை நிற்கிறது.

பள்ளிக்கூடம் இருக்கிறது. அப்போது ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு. யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் தன் ஊர் நூலகத்தைப் பற்றிச் சொல்வார். பாரிஸ்டராக இருந்து அங்கிலிக்கன் குருவான ஐசாக் தம்பையாவைப் பற்றியும் சொல்வார். தாயுமானவரை ஆங்கிலத்தில் பெயர்த்து 1925 இல் புத்தகமாக்கியவர் அவர். மதமும் தத்துவமுமாக 6,000 நூல்கள் அவர் நினைவாக அந்த நூலகத்துக்குப் போயின. ஆறாயிரம் என்றால் எவ்வளவு? நாங்கள் விழிப்போம். "ஒராள் நாளைக்கு முந்நூறு மரத்தில பால் வெட்டினால், இருபது பேர் வெட்டுற மலை, பிள்ளையள்."

1981 மே 31 இரவு நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 நூல்களோடு தம்பையாவின் சேகரமும் போனது. அந்தத் தீயைப் பார்த்த அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் உயிரை விட்டார் என்பார்கள். செய்தி வந்த அன்று மாஸ்டர் பாடம் எடுக்கவில்லை. "அந்த மலை எரிஞ்சு போச்சுது" என்றார்.

அந்த ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் தமிழருக்கு அடி விழுந்தது. இரவைக் காட்டுக்குள் கழித்துவிட்டு வந்து பார்த்தால், காம்பராவில் அப்பாவின் தகரப் பெட்டி கருகிக் கிடந்தது. பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், 1948 இல் பறிபோன பிரஜாவுரிமைக்காக அவர் சேர்த்துவைத்த கடுதாசிகள், எல்லாம் அதில்தான் இருந்தன. நூலகத்தில் எரிந்ததற்குக் கணக்கு உண்டு. லயத்தில் எரிந்ததை யார் எண்ணினார்கள்? காட்ட ஒரு கடுதாசி இல்லாமல் வவுனியா, மண்டபம் முகாம், கடைசியில் கனடா.

இப்போது பள்ளியில் கண்ணாடி அலுமாரி ஒன்று. கொண்டுபோன புத்தகங்களை மேசையில் வைத்தேன்; மேலே தாயுமானவர். பத்தாம் வகுப்புப் பிள்ளை பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டாள். 'அன்பளிப்பு' என்ற கட்டத்தில் பேனை நின்றது.

"யாரு பேர எழுதட்டும், மாமா?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன்.