மோதிர வயிரம்

வயிரம் என்னுஞ் சொல்லுக்கு அகராதிகளிற் பொருள் பல உண்டு. ஒளிவிடும் மணி ஒரு பொருள். முதிர்ந்த மரத்தின் உள்ளே இறுகிநிற்குந் திண்மை மற்றொன்று. நெஞ்சில் நெடுநாள் ஆறாது கிடக்கும் பகை இன்னொன்று. சென்ற விடுமுறையில் எம் தமையனாரின் நிச்சயதார்த்தத்திற்கு மோதிரம் வாங்கச் சென்றபொழுது, முதற்பொருளைத் தேடிப் புறப்பட்ட யாம் ஏனை இரண்டையுங்கூடக் காண நேர்ந்தது. பகை என்பது சற்றே மிகையான சொல்லாயின் நேயர்கள் பொறுத்தருள்க. தந்தைக்கும் மகனுக்கும் இடையே பல்லாண்டாகப் பேசப்படாமற் கிடந்த ஒன்றற்கு வேறு பெயர் எமக்குக் கிடைத்திலது.

எம் தந்தையார் கல் வெட்டுந் தொழிலினர். வீடு கட்டுங் கல்லன்று; மோதிரத்திலும் தோட்டிலும் மூக்குத்தியிலும் பதிக்குஞ் செயற்கைக் கல். திருச்சிராப்பள்ளியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஒருகாலத்தில் எத்தனையோ குடும்பங்கள் இத்தொழிலால் உண்டு உடுத்து வாழ்ந்தன. 1902-ஆம் ஆண்டில் வெர்நேய் என்னும் பிரெஞ்சு நாட்டறிஞர் தீச்சுடரிலே சிவப்புக் கல்லை உருவாக்கும் முறையை வெளியிட்டார். அவ்வகைக் கற்கள் பின்னர் எம் பக்கத்துச் சாணைகளிற் பட்டை பெற்றன. 'அமெரிக்கன் டைமண்ட்' என்று மக்கள் வழங்கும் வெள்ளைக் கல் அதற்கும் வெகுகாலம் பின்னே வந்தது. குச்சியின் நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டி, சுழலும் வட்டிற் சாய்த்துப் பிடித்து, ஒரு பட்டை முடிந்தவுடன் அணுவளவு திருப்பி அடுத்த பட்டையைத் தீட்டுதல் வேண்டும். பாட்டனார் கையாற் சுற்றிய சக்கரத்தைத் தந்தையார் மின்விசையாற் சுழற்றினார். இயந்திரங்கள் வெட்டித் தள்ளிய கற்கள் அயல்நாடுகளிலிருந்து மலிந்த விலைக்கு வந்து குவிந்தபின் தொழில் நலிந்தது. எம் வீட்டுச் சக்கரம் நின்று ஏழாண்டுகள் ஆகின்றன.

அச்சக்கரம் ஈட்டிய பொருளாலேயே தமையனார் பொறியியல் கற்றார். இப்பொழுது சென்னையில் நல்ல ஊதியம் பெறுகின்றார். ஆயினும் பள்ளியில் உடன்பயின்றோர் அவரை 'டூப்ளிகேட்' என்று அழைத்ததை அவர் மறந்தாரல்லர். விண்ணப்பத் தாள்களில் தந்தையின் தொழில் யாதென வினவுமிடத்து 'வியாபாரம்' என்றே அவர் எழுதுவது வழக்கம். தந்தையார் அதனைக் கண்டிருக்கின்றார். கண்டும் ஒன்றுஞ் சொல்லவில்லை.

மணமகளின் தமக்கையார்க்கு ஒரு காரட் எடையுள்ள வயிர மோதிரம் அணிவித்தனராம். அதனினுங் குறைந்தது தம் கையாற் கொடுக்கலாகாது என்பது தமையனாரின் உறுதி. மணமகளோ பள்ளி ஆசிரியை. பெரிதோ சிறிதோ நாள்தோறும் அணியத்தக்கதாய் இருந்தாற் போதும் என்று அவர் தொலைபேசியில் எம்மிடஞ் சொன்னார். அதனை யாம் தமையனாரிடந் தெரிவித்தோம். "அவள் அப்படித்தான் சொல்லுவாள்" என்று சிரித்தாரேயன்றிச் செவிகொடுத்தாரல்லர்.

நிச்சயத்திற்கு வயிர மோதிரம் என்பது எம் பாட்டியார் காலத்தில் எம்மவரிடம் இல்லாத வழக்கம். 1477-ஆம் ஆண்டில் மாக்ஸிமிலியன் என்னும் ஆஸ்திரிய இளவரசர் பர்கண்டி நாட்டு மேரிக்கு அத்தகைய மோதிரம் அளித்ததாக வரலாறு கூறும். வயிரம் என்றென்றைக்கும் உரியது என்னும் விளம்பர வாசகம் டி பீர்ஸ் நிறுவனத்தாருக்காக 1947-இல் எழுதப்பட்டது. இரண்டு மாத ஊதியத்தை மோதிரத்திற்குச் செலவிட வேண்டும் என்பதும் அவர்தம் விளம்பரமே. இளவரசரின் காதலும் வணிகரின் வாசகமும் கூடி எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்ததை எண்ணுந்தோறும் எமக்கு நகைப்பே உண்டாகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரேசில் நாட்டில் வயிரம் அகப்படும்வரை, ஐரோப்பிய அரசர் முடிகளில் மின்னிய வயிரங்களிற் பெரும்பாலன இந்நாட்டிலிருந்தே சென்றன. கோல்கொண்டாவின் புகழை அறியாதார் யார்?

இனிக் கடைக்கு வருவோம். நகரத்துக் கடைவீதியில் உள்ள ஒரு பெருங்கடையுள் மூவரும் நுழைந்தோம். தந்தையார் தமது பழைய பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையிற் போட்டுக்கொண்டு வந்தது எமக்கு மட்டுமே தெரியும். விற்பனை செய்யும் இளைஞர் இனிமையாகப் பேசினார். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதனை நூறாகப் பகுத்துச் சென்ட் என்பர். நிறத்திற்கு ஆங்கில எழுத்துக்களால் வரிசை உண்டு. 'டி' என்பது சற்றும் மஞ்சள் கலவாதது. குற்றங்களைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டுங் கண்ணாடியால் ஆராய்ந்து தரம் பிரிப்பர். இவற்றையெல்லாம் கூறி, சான்றிதழ் ஒன்றை எம்முன் வைத்தார். அதிற் கல்லின் படம் வரைந்து, உள்ளிருக்கும் புள்ளிகளையும் கீற்றுக்களையும் சிறு குறிகளாற் காட்டியிருந்தனர்.

அதனைக் கண்டவுடன் எமக்குச் சிலப்பதிகாரத்து ஊர்காண்காதை நினைவுக்கு வந்தது. மதுரை மாநகரத்து மணி விற்குந் தெருவை வருணிக்குமிடத்து இளங்கோவடிகள் வயிரத்தின் குற்றம் நான்கினைப் பெயரிட்டு உரைக்கின்றார். காக்கையின் அடி போன்ற குறி காகபாதம், புள்ளி விந்து, கோடு ஏகை, மாசு களங்கம். இந்நாளில் ஆய்வுக்கூடத்தார் இறகு என்றும் முகில் என்றும் ஊசி என்றும் அழைப்பவற்றிற்கு அந்நாளிலேயே எம்மவர் பெயரிட்டிருந்தனர். யாம் இதனைச் சற்று உரக்கவே கூறிவிட்டோம் போலும். தமையனார் எம் முழங்கையை இடித்தார். தமிழ் ஆனர்ஸ் பயில்வோர்க்குக் கடைவீதியில் நேரும் இடுக்கண்களுள் இஃதொன்று.

பெரிய கல்லையே தமையனார் விரும்புகின்றார் என்பதை உணர்ந்த இளைஞர், "சார், இதே பணத்திற்கு இரண்டு காரட்டுக்கு மேலேயே வாங்கலாம்" என்று வேறொரு தட்டை எடுத்தார். அவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வயிரங்கள். 1954-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் கரியை வயிரமாக்கினர். இக்காலத்தில் வாயுவிலிருந்தே மெல்லிய விதைத்தகட்டின்மேல் வயிரத்தை வளர்க்கின்றனர். இவை கண்ணாடிக் கற்கள் அல்ல. அமெரிக்கன் டைமண்டும் அல்ல. நிலத்தடியிற் பிறந்த வயிரத்திற்கும் இவற்றிற்கும் பொருள் ஒன்றே, கடினமும் ஒன்றே. தனிக்கருவியின்றி வேற்றுமை காண்டல் அரிது. விலையோ மிகக் குறைவு. தந்தையார் முகத்தில் ஆவல் தோன்றியது. பூதக்கண்ணாடியை வெளியில் எடுத்தார்.

"செயற்கை வேண்டாம்!" என்றார் தமையனார்.

சொல் சிறிது, சொன்ன குரல் பெரிது. பக்கத்திலிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். தந்தையார் கண்ணாடியை மெல்ல மடித்துப் பைக்குள் இட்டுக்கொண்டு, நாற்காலியிற் சாய்ந்து, சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்க்கலானார். அவ்வளவிற் காரியம் முடிந்தது என்றே யாம் எண்ணினோம். எம்மைக் கேட்பின், வளர்த்த வயிரத்தையே வாங்கி எஞ்சிய பணத்தை மணமக்கள் இல்வாழ்க்கைக்கு வைத்துக்கொள்வது நன்று என்போம். ஆனால் மோதிரம் எமதன்று. எம்மை யாருங் கேட்கவுமில்லை.

பின்னர் இளைஞர் 1.01 காரட் எடையுள்ள இயற்கை வயிரம் ஒன்றைக் கொணர்ந்தார். மேலிருந்த சிறு விளக்குகளின் கீழ் அது தீப்பொறி பறந்தாற்போல மின்னிற்று. நிறமும் தரமும் நன்றென்று சான்றிதழ் கூறிற்று. விலை தமையனார் எண்ணியதினும் ஓரளவு கூடுதல். எனினும் அவர் கண்கள் அதனை விட்டு நீங்கவில்லை. பணம் செலுத்துமுன் ஒருமுறை தந்தையாரை நோக்கி, "நீங்களும் பாருங்கள், அப்பா" என்றார். அது கேட்பதற்காகக் கேட்டதா, சற்றுமுன் சொன்னதற்கு வருந்திக் கேட்டதா என்பதை யாம் அறியோம்.

தந்தையார் கல்லை விளக்கின்கீழ்ப் பாராமல், "வாசற்பக்கம் வெளிச்சத்திற்குக் கொண்டுபோகலாமா, தம்பி?" என்று இளைஞரைக் கேட்டார். கடை விளக்கிற் கண்ணாடித் துண்டும் மின்னும் என்பது அவர் எமக்குச் சிறுவயதிலேயே சொல்லிய செய்தி. வாயிலருகே இடுக்கியாற் கல்லைப் பிடித்து, முகத்தைப் பார்த்தார், பக்கவாட்டில் திருப்பினார், மறுபடியும் முகத்தைப் பார்த்தார். வெகுநேரஞ் சென்றது.

"கல் நல்ல கல். வெட்டினவன் எடைக்கு வெட்டியிருக்கிறான், வெளிச்சத்திற்கு வெட்டவில்லை. எடையெல்லாம் வயிற்றில் இருக்கிறது, முகத்தில் இல்லை. நடுவில் இருட்டு நிற்கிறது பாருங்கள்" என்றார்.

யாம் குனிந்து நோக்கினோம். பகல் வெளிச்சத்தில் அக்கல்லின் நடுவே, கிணற்றின் அடி போல, ஒரு கருமை தெரிந்தது. இளைஞர் சான்றிதழைப் புரட்டினார். குறுக்களவு 6.2 மில்லிமீட்டர், ஆழம் அதில் நூற்றுக்கு 67 பங்கு, மேற்பாகமும் கீழ்ப்பாகமுங் கூடும் விளிம்பு மிகத் தடிப்பு. செவ்வையாக வெட்டிய ஒரு காரட் உருண்டைக் கல் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஒரு காரட் என்னும் எல்லையைத் தொட்டவுடன் விலை தாவி ஏறுமாதலால், அவ்வெல்லைக்குக் கீழே இறங்கிவிடாதபடி கல்லின் அடிவயிற்றில் எடையைத் தேக்கி வைத்திருந்தனர். தந்தையார் இந்த எண்களுள் ஒன்றையும் அறியார். சான்றிதழை அவர் தொடவுமில்லை.

"தொண்ணூறு சென்டில் நன்றாக வெட்டினது இருந்தால் எடுங்கள்" என்றார்.

எடுத்தனர். அதன் அகலமும் அதே 6.2 மில்லிமீட்டர், ஆழம் நூற்றுக்கு 60. இரண்டையும் வாயிலில் அருகருகே பிடித்தபொழுது, எடை குறைந்த கல்லே பெரிதாகத் தோன்றியது. விலையோ வெகுவாகக் குறைவு. இளைஞர் வியப்புடன், "ஐயா இந்தத் துறையில் இருந்தவர்களோ?" என்று வினவினார்.

தந்தையார், "இல்லை தம்பி, சும்மா" என்று தொடங்கினார்.

"என் அப்பா கல் வெட்டுபவர். நாற்பது வருடம் செயற்கைக் கல் வெட்டியவர். அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன்" என்றார் தமையனார்.

இச்சொற்களை அவர் அயலார்முன் உரைத்ததை யாம் அதற்குமுன் கேட்டதில்லை. தந்தையார் மறுமொழி கூறாது கல்லை மீண்டும் ஒருமுறை பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். அதில் அவ்வளவு பார்ப்பதற்கு ஒன்றும் இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. இளைஞர் உள்ளே சென்று முதியவர் ஒருவரை அழைத்துவந்தார். அவரும் இளமையிற் சாணை பிடித்தவராம். அரக்கின் பதத்தைப் பற்றியும், வட்டின் தேய்மானத்தைப் பற்றியும், கூலி குறைந்த கதையைப் பற்றியும் இருவரும் பேசத் தொடங்கினர். எமக்குப் பசி மிகுந்தது. ஒரு மணிநேரங் கழித்தே தொண்ணூறு சென்ட் கல்லுக்கு முன்பணங் கட்டினோம். மோதிரம் பத்து நாளில் ஆயத்தமாகும் என்றனர்.

திரும்பும்பொழுது பேருந்தில் தமையனார் தந்தையாரின் பக்கத்தில் அமர்ந்து, வெறுங்கண்ணால் அந்த ஆழத்தை எவ்வாறு கண்டீர்கள் என்று கேட்டார். கடையில் தந்த விளம்பரத் தாளின் பின்புறத்தில் தந்தையார் ஒரு கூம்பு வரைந்தார். அடிப்பட்டை செங்குத்தாகச் சாய்ந்தால் வெளிச்சம் மேலே திரும்பாமல் ஓடிப்போகும் என்று விரலாற் காட்டினார். தமையனார் தம் பேனாவை எடுத்து, வயிரத்துள் ஒளி திரும்பும் எல்லைக் கோணம் 24 பாகை சொச்சம் என்றும், ஆகையால் அடிப்பட்டை 41 பாகையையொட்டி நிற்றல் நன்றென்றும் கணக்கிட்டார். "அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, என் கை அங்கேதான் போய் நிற்கும்" என்றார் தந்தையார். ஊர் வந்து சேருமளவும் இருவரும் அந்தத் தாளைக் கீழே வைக்கவில்லை. கடைக்காரர் தந்த முன்பணச் சீட்டை யாமே பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தோம். அதனைக் குறித்து எவருங் கேட்கவில்லை.