பாம்புக்கு ஒரு வீடு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். அப்பாம்பை விலை கொடுத்து வாங்கி வீட்டில் வளர்ப்போரும் இன்று உளர். நகரங்களில் பரவிய இவ்வழக்கம் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து நம் பங்கின் இல்லம் ஒன்றை எட்டியது.

வெளியூரில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், விடுமுறைக்கு வருகையில் செம்மஞ்சள் நிறப் பாம்பொன்றைக் கண்ணாடிப் பெட்டியில் கொணர்ந்தார். அன்னையார் அவ்வறைக்குள் செல்லவே அஞ்சினார். தந்தையார் நம்மிடம் வந்து, "சாமி, இதைக் காட்டில் விட்டுவிடும்படி அவனுக்குச் சொல்லுங்கள்" என்று முறையிட்டார். காட்டில் மட்டும் விடலாகாது என்றோம் நாம்.

அது கார்ன் ஸ்நேக் எனப்படும் அமெரிக்கப் பாம்பு. நஞ்சற்றது, நம் சாரையைப் போலக் களஞ்சியங்களை அண்டி எலி பிடித்து உண்பது. எனினும் அயல்நாட்டு உயிரை நம் காட்டில் விடுவது தகாது. வளர்ப்போர் கைவிட்டவையும் தப்பியவையுமான பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவின் புளோரிடா சதுப்பு நிலங்களில் பெருகி, அங்குள்ள முயல் முதலிய சிறு விலங்குகளை அரிதாக்கிவிட்டன. அவற்றைப் பிடிக்க உதவுமாறு 2017இல் தமிழகத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அழைக்கப்பட்டனர். 2023இல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆகவே, வளர்க்கத் துணிந்தவர் முறையறிந்து வளர்த்தல் கடமை. பெட்டியின் மூடி இறுகப் பூட்டப்பட வேண்டும். சிறு இடுக்கும் பாம்புக்கு வாயிலாகும். ஒளிந்திருக்க மறைவிடமும் தூய நீரும் தேவை. பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. எனவே பெட்டியின் ஒருபுறம் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பமும் மறுபுறம் சற்றுக் குறைந்த வெப்பமும் இருத்தல் வேண்டும். நம் மலையின் மார்கழிக் குளிரில் இதனை மறத்தலாகாது. உடல் குளிர்ந்தால் உண்டது செரியாமல் பாம்பு கக்கிவிடும்.

வளர்ந்த பாம்புக்குப் பத்து முதல் பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓர் எலி போதும். இரையானது பாம்பின் உடற்பருமனை மிகுதியாக மிஞ்சலாகாது. உயிருள்ள எலி பாம்பையே கடித்துப் புண்படுத்தக் கூடும். ஆதலின், பனியில் உறைய வைத்த எலியை முற்றிலும் இளகச் செய்து, இடுக்கியால் நீட்டுதலே நன்று. அதனைக் குடும்பத்தின் உணவோடு சேர்த்துக் குளிர்பெட்டியில் வைக்கலாகாது. இரை உண்டபின் இரு நாட்கள் பாம்பைக் கையில் எடுத்தல் கூடாது. தொட்டவர் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வன சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமியைத் தாங்கியிருக்கக் கூடும். சிறு குழந்தைகள் அதனைத் தொடாதிருத்தல் நலம்.

பெட்டியைக் காண வந்த சிறுவர் சிலர், வயல்வரப்புச் சாரையைப் பிடித்து அடைக்க விழைந்தனர். அவர்களை நாம் தடுத்தோம். சாரையைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. மேலும், சாரையென்று எண்ணி நாகத்தின் மேல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. எலி நிறைந்த நம் வயலே சாரைக்கு வீடும் உணவும் ஆகும்.

அவ்விளைஞரிடம் நாம் ஒரு கணக்கையும் கூறினோம். முறையாக வளர்க்கப்படும் இப்பாம்பு பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியது. திருமணம், குழந்தைகள், பணி மாற்றம் யாவும் அதற்குள் வந்துவிடும். அத்தனை ஆண்டும் அதற்கு இரை தேட வேண்டுமே! விடுமுறை முடிந்ததும் அவர் பெட்டியைத் தம்முடனே கொண்டு சென்றார். பிள்ளைகள் எவ்வுயிரையேனும் வளர்க்க விரும்பிக் கேட்கும்போது, பெற்றோர் அதன் விலையைக் கேட்குமுன் அதன் ஆயுளைக் கேட்டறிவார்களாக.