மரத்தடியில் நிற்கும் இயந்திரம்

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவர்களுக்கு வண்டிகளைப் பற்றி எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சுத்தியல் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சங்ககிரியில் லாரி இல்லாத தெருவைக் காண்பது அரிது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. ஆனால், நம் கண்ணெதிரே நடமாடியும் நாம் அதிகம் சிந்தித்துப் பாராத வேறொரு வண்டிக் கூட்டம் உண்டு. மரம் வெட்டும் இடத்துக்கு வரும் மஞ்சள் நிற ஜேசிபி, அடிமரத்தைத் தூக்கும் ஹைட்ரா கிரேன், கிளைகளை இழுத்துப் போகும் டிராக்டர், கட்டைகளைச் சுமக்கும் டிப்பர் லாரி, இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு மனிதனின் கையில் வந்திறங்கும் சங்கிலி ரம்பம் ஆகியவையே அவை. அந்த ரம்பத்தை எங்கள் ஊரில் ‘மிஷின்’ என்று சொன்னாலே போதும்.

நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு பெரிய புளியமரத்தை வீழ்த்துவது இரண்டு மூன்று நாள் வேலை. முதல் நாள் கிளை கழிப்பார்கள். மறுநாள் அடிமரத்தில் கோடாலி விழும். பிறகு இருவர் எதிரெதிரே அமர்ந்து நீண்ட ரம்பத்தை மாறி மாறி இழுப்பார்கள். புளியமரத்தின் வைரம் எளிதில் வழிவிடாது. செக்குக்கும் உலக்கைக்கும், இறைச்சிக் கடை வெட்டுக்கட்டைக்கும் அதைத் தேடுவது அந்த உறுதிக்காகத்தான். வெட்டுகிறவர்கள் நடுவே அமர்ந்து நீராகாரம் குடிப்பார்கள். வழியே போகிறவர்கள் நின்று, “எதுக்குங்க இதை வெட்டறீங்க?” என்று கேட்பார்கள். உரியவர் காரணம் சொல்லியாக வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரர் வந்து, அந்தக் கிளையை மட்டும் விடக்கூடாதா என்பார். பாதி வெட்டிய மரம் தப்பியதில்லை என்றாலும், கிளை கழித்ததோடு கைவிடப்பட்டு மறுபடி தழைத்த மரங்களை நான் கண்டிருக்கிறேன்.

2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில், ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழிச்சாலை ஆயிற்று. 2010-இல் எண் மாற்றம் பெற்று இன்று 44-ஆம் எண்ணைத் தாங்கி நிற்பதும் அதே சாலைதான். சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர்கேட், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல்லுக்குப் பேருந்தில் போனவர்களுக்கு, இருபுறமும் நின்ற புளியமரங்கள் நினைவிருக்கும். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி, எண் எழுதப்பட்ட மரங்கள் அவை. ஆண்டுதோறும் அவற்றின் மகசூல் ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் ஆள்வைத்து உலுக்குவார். கீழே பெண்கள் அமர்ந்து புளி பொறுக்குவார்கள். நிழல் எல்லாருக்கும் பொது, பழம் ஏலதாரருக்கு, உதிர்ந்து மண்ணில் கிடந்த ஒன்றிரண்டு எங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளுக்கு.

அந்த மரங்களை வீழ்த்த நாள்கணக்கு வேண்டியிருக்கவில்லை. ஜேசிபியின் பின்கை வேரைச் சுற்றிப் பள்ளம் பறிக்கும். சங்கிலி ரம்பம் பக்கவேர்களை அறுக்கும். இயந்திரம் முன்புறமாக வந்து தள்ள, மரம் தூரோடு சாயும். கிளைகள் துண்டுகளாகும், கிரேன் அடிமரத்தை லாரியில் ஏற்றும். காலையில் நிழலிருந்த இடத்தில் மாலையில் செம்மண் குழிதான் இருக்கும். எதற்காக வெட்டுகிறீர்கள் என்று கேட்க நினைப்பவன், வண்டியை நிறுத்துவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

இந்த இயந்திரங்களைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். ஜேசிபி என்பது ஒரு மனிதரின் பெயரின் முதலெழுத்துகள். ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற அவர், இங்கிலாந்தின் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் 1916-இல் பிறந்து, இயேசு சபையினரின் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் பயின்றவர். உலகப்போர் முடிந்த 1945-இல், போரில் மிஞ்சிய பழைய இரும்பைக் கொண்டு, உழவர்களுக்காகப் பின்புறம் சாய்ந்து பாரத்தைக் கொட்டும் இழுவண்டி ஒன்றை வாடகைக் கொட்டகையில் செய்தார். முன்னால் அள்ளும் வாளியும் பின்னால் தோண்டும் கையும் ஒன்றாக அமைந்த இயந்திரம் 1953-இல் வந்தது. 1979 முதல் ஹரியானாவின் பல்லப்கரில் அதை உருவாக்குகிறார்கள். சங்கிலி ரம்பத்தின் கதையும் இப்படிப்பட்டதே. ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-இல் மின்சாரத்தால் இயங்கும் ரம்பத்தையும், 1929-இல் பெட்ரோலால் இயங்குவதையும் செய்தார். தொடக்கத்தில் அதைத் தூக்க இருவர் வேண்டும். மரம் வெட்டுகிறவனின் முதுகெலும்பைக் காப்பதே அவருடைய நோக்கம்.

அந்த நோக்கம் நிறைவேறியதையும் நாம் கண்டோம். 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, காவிரிப் படுகையில் தென்னைகள் சாலைகளை மறித்துக் கிடந்தன. அந்த நாள்களில் சங்கிலி ரம்பமும் ஜேசிபியும் வராமலிருந்தால், நோயாளிக்கு வண்டியும் ஊருக்கு மின்சாரமும் கிடைத்திருக்காது. ஆகவே இயந்திரத்தை வெறுக்க எனக்கு மனமில்லை. நான்கு வழிச்சாலையில் விரைந்து மருத்துவமனை சேர்ந்து உயிர் பிழைத்தவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள்.

எனக்குக் கவலை தருவது இயந்திரம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட காலம். அதன் இழப்பு மரத்துக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். எங்கள் தெருவில் ஓர் இளைஞர் இருக்கிறார். தந்தையின் கோடாலி அவர் கையில் மிஷினாக மாறியது. அதன் சங்கிலி விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடும். அதாவது மணிக்கு 70 கிலோமீட்டர். பட்டையின் நுனி மேற்பகுதி கட்டையில் இடித்துவிட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி எழும்பும். மரம் சாய வேண்டிய பக்கத்தில் முதலில் வாய் வெட்ட வேண்டும். பின்பக்கம் அறுக்கும்போது, நடுவில் கதவுக்குக் கீல் போலச் சிறிது மரத்தை விட்டுவைக்க வேண்டும். அந்தக் கீல்தான் மரத்தைத் திசை தப்பாமல் இறக்குகிறது. தலைக்கவசம், கண்ணாடி, காலுறை, கெட்டியான காலணி எல்லாம் வேண்டும். அவருக்கு இவற்றைச் சொல்லித் தந்தவர் எவருமில்லை. ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தபோது, ரப்பர் செருப்போடு நின்றவரின் முழங்காலுக்குக் கீழே ரம்பம் பாய்ந்தது. இருட்டுவதற்குள் இன்னும் நான்கு மரங்கள் முடிய வேண்டும் என்று அவசரப்படுத்தினார்களாம். தையலுக்கான செலவையும் அவரே ஏற்றார்.

“கோடாலி காலத்துல அப்பாவுக்கு உடம்பு வலிச்சுதுங்க, வாத்தியாரய்யா. எங்களுக்கு நேரந்தான் இல்லீங்க” என்றார் அவர். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

நற்செய்தியில் காய்க்காத அத்திமரத்தைப் பற்றிய உவமை ஒன்று உண்டு. வெட்டிவிடு என்கிறார் உரியவர். தோட்டக்காரரோ மறுத்துப் பேசவில்லை. ஓராண்டு காலம் கேட்கிறார். அந்த ஓராண்டில் தாம் செய்யப்போவதையும் சொல்கிறார்: மரத்தைச் சுற்றிலும் கொத்தி எரு இடுவார். மரத்தைச் சுற்றிக் கொத்துவது என்ற அதே செயலை நாம் இன்று இயந்திரத்தால் செய்கிறோம். வீழ்த்தவும் அப்படித்தான் கொத்துகிறோம். காக்கவும் அப்படியே கொத்த முடியும். கோயம்புத்தூரில் சாலைப் பணிக்காக வெட்டப்பட இருந்த மரங்கள் சிலவற்றைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டிருக்கிறார்கள். கிளைகளைக் கழித்து, வெட்டுவாயில் சாணம் பூசி ஈரச்சாக்கு சுற்றி, வேர்மண் சிதறாமல் பள்ளம் பறித்து, கிரேனில் தூக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். அதே ஜேசிபி, அதே கிரேன், அதே ரம்பம். ஆலும் அரசும் இப்படிப் பிழைப்பது எளிது. முதிர்ந்த புளிக்கு அவ்வளவு நம்பிக்கை சொல்ல முடியாது. எந்த மரமானாலும் அதற்குப் பொறுமையும், நட்டபின் நாள்தோறும் தண்ணீரும் வேண்டும்.

எங்கள் ஊர்க் கிளைச் சாலையில் இன்னும் பதினொரு புளியமரங்கள் நிற்கின்றன. சாலையை அகலப்படுத்தப் போவதாகப் பேச்சு எழுந்து, அவற்றில் சிவப்பு மையால் எண் எழுதியிருக்கிறார்கள். பொது இடத்து மரத்தை வெட்டுவதற்கு முன் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழு அதை ஆராய வேண்டும் என்ற ஏற்பாடு இப்போது உண்டு. வெட்டிய மரத்துக்கு ஈடாகக் கன்றுகள் நட வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதும் வழக்கம். நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அரளி பூத்துக் குலுங்குகிறது, உண்மைதான். ஆனால் பேருந்துக்குக் காத்திருக்கும் கிழவிக்கு அரளி நிழல் தராது. வளைவில் நிற்கும் இரண்டு மரங்கள் விபத்துக்குக் காரணமாகின்றன என்பது எனக்கும் தெரியும். அவற்றைக் காப்பாற்று என்று கேட்க எனக்கு வாய் வராது. மற்ற ஒன்பதும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. சாலை மறுபக்கம் விரிந்தால் அவை தப்பும்.

இதை எழுதி, ஊரார் சிலரிடம் கையெழுத்து வாங்கி, பசுமைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். கூடவே இன்னொன்றும் எழுதினேன். வெட்டத்தான் வேண்டுமென்றால், வெட்டுகிறவருக்குக் கவசமும் காப்பீடும் தராத ஒப்பந்தக்காரருக்கு அந்த வேலையைத் தர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கையெழுத்துகளில் முதலாவது அந்த இளைஞருடையது. மரங்கள் விழுந்தால் அவருக்குச் சில நாள் கூலி கிடைக்கும், நின்றால் ஒன்றுமில்லை. அது தெரிந்தே அவர் கையெழுத்திட்டார். பதில் இன்னும் வரவில்லை. புளி இந்த ஆண்டும் பூத்திருக்கிறது.